வாசற்படி முதல் திடல் வரை: தோட்டப்புற மாற்றுத்திறனாளிக்கு வழி எங்கே அறுந்து போகிறது?

மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்ற செய்தி சில ஆண்டுகளாகவே வருவதும் அடங்குவதுமாக இருக்கிறது. வரும்போதெல்லாம் பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களின் காப்பிக்கடைகளில் ஒரே கேள்விதான் எழுகிறது. "அட்டை கொடுத்தாச்சு, மாசப் பணம் வருது, பி.டி.கே. இருக்கு. அப்புறம் சட்டத்துல என்னத்தத் திருத்தணும்?" (பி.டி.கே. என்பது ஊருக்குள்ளேயே நடக்கும் மறுவாழ்வு நிலையம்.)

கேட்பவர்மீது தப்பில்லை. உதவித்தொகை, சேவை, உரிமை மூன்றையும் நாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால்தான், மாதப் பணம் ஒழுங்காக வரும் வீட்டிலும் ஒரு மனிதர் ஐந்து வருடமாகக் கோயில் திருவிழாவைப் பார்க்காமல் இருப்பது ஏன் என்று புரியும்.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

'ஓ.கே.யு.' என்பது 'ஓராங் கூராங் உப்பாயா' என்ற மலாய்த் தொடரின் சுருக்கம். அரசாங்கப் பாரம் எல்லாவற்றிலும் இதுதான் இருக்கும். தமிழில் மாற்றுத்திறனாளி என்கிறோம்.

'சமூகத்தோடு வாழ்தல்' என்பது இன்னொரு சொல். ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு இதைப் பற்றியது. மலேசியா 2008இல் கையெழுத்திட்டு, 2010இல் அதை உறுதிப்படுத்தியது. அந்தப் பிரிவு மூன்று விஷயங்களைச் சொல்கிறது:

1. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். இன்ன விடுதியில்தான் இருக்கவேண்டும் என்று யாரும் தள்ளக்கூடாது.
2. வீட்டிலும் ஊரிலும் வாழ்வதற்குத் தேவையான துணைச் சேவைகள், தனி உதவியாளர் உட்பட, அவருக்குக் கிடைக்க வேண்டும்.
3. ஊரில் மற்றவர்களுக்கென்று இருக்கும் வசதிகள் அவருக்கும் பயன்பட வேண்டும்.

30ஆம் பிரிவு பண்பாடு, பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றைப் பற்றியது. சிகிச்சைக்காகப் பந்து உருட்டுவது வேறு, ஆசைக்காக ஆடுவது வேறு. இந்தப் பிரிவு பேசுவது இரண்டாவதைப் பற்றி.

சமூகத்தோடு வாழ்தல் என்றால் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்துகொள்வது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. கை வேறொருவருடையதாக இருக்கலாம், முடிவு தன்னுடையதாக இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறு எது என்று நம் பக்கத்தில் விளக்க வேண்டியதே இல்லை. தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே போதும். 1911இல் திறக்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனையின் பெயர், சிறுபிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் வசவாகவே ஆகிவிட்டது. குடும்பத்திலிருந்தும் ஊரிலிருந்தும் எடுத்துத் தனியே வைப்பதுதான் வைத்தியம் என்று ஒரு காலம் நம்பியது. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தபோது, ஊருக்குள்ளேயே இயங்கும் மனநல நிலையங்களுக்கும் அதில் இடம் தரப்பட்டது. எண்ணம் மாறிவிட்டது. வசவு மட்டும் மாறவில்லை.

அட்டை திறக்கும் கதவு

சமூகநல இலாகா ஏழு வகைகளில் மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்து அட்டை தருகிறது: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள். மருத்துவரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டை நகல், படம் ஆகியவற்றோடு நேரில் போகலாம். இலாகாவின் 'ஸ்மோக்கு' இணையப் பதிவும் உண்டு. பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவில்லாமல் உதவியும் இல்லை.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்குமேல் ஏதோவொரு செயல்பாட்டுக் குறைபாடு இருப்பது தெரிந்தது. இலாகாவின் பதிவேட்டில் இருப்பவர்களோ மக்கள்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு இருவர். மீதிப் பேர் எங்கே? பலர் நம் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்கள். சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்ட பெரியவர் தன்னை மாற்றுத்திறனாளி என்றே நினைப்பதில்லை. "எனக்கு சுகமில்ல, அவ்வளவுதான்" என்பார். அதே 2019 ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. அட்டை எடுக்க வேண்டியவர்கள் நம்மிடையே ஏன் அதிகம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, 2021 வரவு செலவுத் திட்டத்தில் மூன்று தொகைகள் உயர்ந்தன. வேலைக்குப் போகும் குறைந்த வருமான மாற்றுத்திறனாளிக்கு மாதம் 450 ரிங்கிட், வேலை செய்ய இயலாதவருக்கு 300, படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பராமரிப்பவருக்கு 500. செயற்கைக் கால், சக்கர நாற்காலி போன்ற துணைக்கருவிகளுக்கும் தனி உதவி இருக்கிறது. வேலையின்போது விபத்துக்குள்ளானவருக்குத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ தனி வழி. நிரந்தர ஊனத்துக்கான இழப்பீடும் மறுவாழ்வுச் சிகிச்சையும் அதில் அடங்கும். மலாக்காவிலுள்ள அதன் மறுவாழ்வு மையம் 2014இல் திறக்கப்பட்டது. செம்பனைக் குலை விழுந்து முதுகெலும்பு அடிபட்டவர் இலாகாவுக்கு மட்டும் அலைந்துவிட்டு, சொக்சோவுக்குப் போகாமலே விட்டுவிடுவது நடக்கிறது. இரண்டும் வேறு வேறு அலுவலகங்கள். ஒன்று இன்னொன்றுக்குச் சொல்லி அனுப்பும் என்று காத்திருக்கக்கூடாது.

ரயிலில் அட்டை வைத்திருப்பவருக்குப் பாதிக் கட்டணம். ஆனால் தோட்டத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு வரும் வாடகைக் காருக்கு முழுக் கட்டணம். பல நேரங்களில் டிக்கெட்டைவிட அதுதான் அதிகமாக வரும்.

பி.டி.கே. என்பது என்ன, என்ன இல்லை

'பெமுலிஹான் டாலாம் கொமுனிட்டி', அதாவது ஊருக்குள்ளேயே மறுவாழ்வு. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் ஒரு முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள். இலாகா மானியம் தருகிறது. உள்ளூர்க் குழு நடத்துகிறது. நிலையத்துக்கு வந்து பயில்வது, பணியாளர் வீட்டுக்கு வந்து பயிற்றுவிப்பது, இரண்டும் கலந்தது என மூன்று முறைகள் உண்டு. படுக்கையில் இருக்கும் பிள்ளையின் தாய் இரண்டாவது முறையைக் கேட்டு வாங்கலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை.

நல்ல ஏற்பாடுதான், குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பி.டி.கே. பகலில் நடப்பது, வாரநாளில் நடப்பது, பயிற்சியை மையமாகக் கொண்டது. மாலை ஐந்து மணிக்கு ஊர்த் திடலில் பந்து உதைக்கும் சத்தம் கேட்கிறதே, அந்த நேரத்துக்கு அதனிடம் பதில் இல்லை.

மொழி இன்னொரு சிக்கல், யாரும் அதிகம் பேசாதது. நிலையத்தில் பெரும்பாலும் மலாய். கற்றல் குறைபாடுள்ள தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் 'தண்ணி', நிலையத்தில் 'ஆயர்'. வாய் பேசவே சிரமப்படும் பிள்ளைக்கு ஒரே பொருளுக்கு இரண்டு சொல். காது கேளாத பிள்ளையின் நிலை இன்னும் கடினம். பள்ளியில் மலேசிய சைகை மொழி கற்றுக்கொண்டு வருகிறது. வீட்டில் தாத்தா பாட்டிக்கு ஒரு சைகையும் தெரியாது. சாப்பிட்டாயா, தூங்கு, வா, போ என்பதோடு குடும்பப் பேச்சு முடிந்துவிடும். இதை இலாகா சரிசெய்யட்டும் என்று விட முடியாது. தாயும் தகப்பனும் சைகை கற்க வேண்டும்.

2019 முதல் கல்வி அமைச்சின் 'எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாத' கொள்கை நடப்பில் இருக்கிறது. சில தமிழ்ப்பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகளும் உண்டு. அங்கே சிக்கல் குறைந்து வருகிறது. பத்தொன்பது வயதில் பள்ளி முடிந்த மறுநாள் காலையில்தான் அது மறுபடி தொடங்குகிறது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், சட்டம் 685. பொதுக் கட்டடங்களையும் வசதிகளையும் பயன்படுத்தும் உரிமை 26ஆம் பிரிவில். பொதுப் போக்குவரத்து 27இல். பண்பாட்டு வாழ்வு 31இல். பொழுதுபோக்கு, விளையாட்டு 32இல். வாசிக்கும்போது நிறைவாகத்தான் இருக்கிறது. இடறும் இடங்கள் இவை:

1. இந்த உரிமைகளை மறுப்பவருக்கு என்ன தண்டனை என்று சட்டம் சொல்லவில்லை. அபராதம்கூட இல்லை.
2. 41ஆம் பிரிவு அரசாங்கத்தையும் அதன் அதிகாரிகளையும் வழக்கிலிருந்து பாதுகாக்கிறது. ஆக, கடமை யாருக்கு இருக்கிறதோ அவரையே கேள்வி கேட்பது கடினம்.
3. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு சமயம், இனம், வம்சம், பிறந்த இடம், பால் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. பால் என்ற சொல்லே 2001இல்தான் சேர்ந்தது. உடற்குறை அந்தப் பட்டியலில் இன்னும் இல்லை.

திருத்தம் கேட்பவர்களின் வாதம் இந்த மூன்றைச் சுற்றித்தான். உதவித்தொகையைக் கூட்டச் சொல்வதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கட்டடங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைவிதிகளில் பிற்பாடு சேர்க்கப்பட்ட 34ஏ விதி, மாற்றுத்திறனாளிகள் புழங்க வசதி வேண்டும் என்கிறது. எப்படிக் கட்டுவது என்பதற்கு மலேசியத் தரம் எம்.எஸ். 1184 இருக்கிறது. ஊராட்சி மன்றம் கட்டட வரைபடத்தை அங்கீகரிக்கும்போது இதைப் பார்க்கும். நடைமுறையில் கைக்குச் சிக்கும் பிடி இதுதான். ஆனால் வரைபடமே மன்றத்துக்கு வராத இடங்கள் உண்டு. ஊரின் பழைய கடைவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தடி நடைபாதை ஒவ்வொரு கடை வாசலிலும் ஒவ்வோர் உயரம். நடுவில் மோட்டார் சைக்கிள். ஓரத்தில் மூடியில்லாக் கால்வாய்.

தோட்டத்தின் கணக்கு வேறு

நகரத்து மாற்றுத்திறனாளி இயக்கங்கள் பேசும் பேச்சு தோட்டப்புறத்துக்கு அப்படியே பொருந்தாததற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று, வீடு. தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. பால்மரம் சீவியவர், குலை வெட்டியவர், மருந்து அடித்தவர், யாராக இருந்தாலும் பெயர் செக்ரோலில், அதாவது தோட்ட வேலையாள் பதிவேட்டில், இருக்கும்வரை வீடு இருக்கும். உடம்பு முடியாமல் வேலை நின்றால், வீட்டையும் காலி செய்ய வேண்டிய நிலை வரும். மனைவியோ மகனோ அதே தோட்டத்தில் வேலையில் இருந்தால்தான் வீடு தப்பும். 'எங்கே வாழ்வது என்பது அவர் முடிவு' என்ற உடன்படிக்கை வாசகத்தை இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மற்ற எந்த ஊரிலும் உடற்குறை வேலையைப் பறிக்கும். தோட்டத்தில் அது கூரையையும் சேர்த்துப் பறிக்கும்.

இரண்டு, சாலை. தோட்டச் சாலை தனியார் நிலம். ஊராட்சி மன்றத்தின் பணம் தோட்டத்து வாசலோடு நின்றுவிடும். அதற்கப்பால் செம்மண்ணும் ஜல்லியும் லாரித் தடமும். மருத்துவமனையில் பார்க்கிறோமே, மடக்கும் இரும்பு நாற்காலி, இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்த வகைதான். அதன் முன்சக்கரம் சிறியது. பளிங்குத் தரைக்காகச் செய்தது. ஈரச் செம்மண்ணில் அது புதைந்து நிற்கும், பின்னால் தள்ளுகிறவர் இன்னும் அழுத்துவார், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார். தெரிந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் பின்சக்கரம் முன்னால் வரும்படி இழுத்துக்கொண்டு போவார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர் பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்ச் சேருவார்.

மூன்று, திடலும் மண்டபமும் கோயிலும். பழைய தோட்டத்தில் இவை எல்லாம் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையிலிருந்து, கூப்பிடு தூரம். பந்து விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமைப் படம், தீமிதி, எல்லாம் வாசலில் நாற்காலி போட்டாலே பாதி தெரியும். மூளைவளர்ச்சி குன்றிய பிள்ளை நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆயாக்கொட்டகையில் ஒரு பார்வை, கடையில் ஒரு பார்வை, பூசாரி வீட்டில் ஒரு வாய் சோறு. அதற்கு யாரும் 'துணைச் சேவை' என்று பெயர் வைக்கவில்லை. கேலியும் அடியும் கூடவே இருந்தன என்பதை மறக்கவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்க வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளையை ஊருக்கே தெரியும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் செம்பனையானதும், நிலம் வீடமைப்புக்குப் போனதும், குடும்பங்கள் பட்டணத்து மலிவு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தன. சொந்த வீடு கிடைத்தது பெரிய விஷயம். கூடவே கேட்டில் பூட்டும் வந்தது. தாயும் தகப்பனும் ஆலை வேலைக்குப் போனபின், அதே பிள்ளை வெளியே போய்விடாமல் இருக்க உள்ளே வைத்துப் பூட்டப்படுகிறது. தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. வாசலுக்கு வெளியே லாரி ஓடும் சாலை.

மூன்று படிக்கு எத்தனை மீட்டர்?

வீட்டு முன்படிகளை மரப்பலகையால் மூடிச் சரிவுப்பாதை என்று வைத்துக்கொள்வது வழக்கம். கணக்கைப் பார்ப்போம். தரமான சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது ஒரு சென்டிமீட்டர் உயர 12 சென்டிமீட்டர் நீளம். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் 1.8 மீட்டர் வேண்டும். மூன்று படிக்கு 5.4 மீட்டர். ஒன்றரை மீட்டர் பலகையைப் போட்டால் சரிவு ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. தன் கையால் சக்கரம் உருட்டி ஏறவே முடியாது. இறங்கும்போது விழுவார். ஒருமுறை விழுந்தவர் இன்னொருமுறை வெளியே வரச் சம்மதிக்க மாட்டார். "அவருக்கே வர விருப்பமில்ல" என்று வீட்டில் சொல்வார்களே, அதில் பாதி பலகையின் வேலை.

இடம் போதாத வீட்டில் பாதையை மடக்கித் திருப்பலாம், நடுவில் சமதளம் விட்டு. கழிவறைக் கதவும் அப்படியே. மலிவு வீட்டின் பிளாஸ்டிக் கதவு வழியே சக்கர நாற்காலி பல நேரம் நுழையாது. கதவை எடுத்துவிட்டுத் திரை போட்டால் கிடைக்கும் ஓரிரண்டு அங்குலம் போதுமானதாக இருக்கும். இதற்கெல்லாம் சட்டத் திருத்தம் வர வேண்டியதில்லை, அளவுநாடா போதும்.

பொழுதுபோக்கு: பந்தயத்துக்கு முந்தைய கேள்வி

2016 ரியோ பாராலிம்பிக்கில் மலேசியா மூன்று தங்கம் வென்றது. ஒலிம்பிக் வீரருக்குச் சமமாகத் தங்கத்துக்குப் பத்து லட்சம் ரிங்கிட் பரிசும் தரப்பட்டது. அவர்களில் அப்துல் லத்தீப் ரொம்லி நீளம் தாண்டுவது அறிவுத்திறன் குறைபாடுள்ளோர் பிரிவில். இது நல்ல செய்திதான். ஆனால் விளையாட்டு என்றாலே பதக்கம் என்ற எண்ணத்தையும் அது வளர்த்துவிட்டது. தோட்டப்புறத்தில் தேவைப்படுவது புதன்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம்.

ஓர் எடுத்துக்காட்டு, போச்சியா. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம். உட்கார்ந்தே ஆடலாம். ஒரு வெள்ளைப் பந்து, ஆறு சிவப்பு, ஆறு நீலம். வெள்ளைக்குப் பக்கத்தில் யார் தன் பந்தைச் சேர்க்கிறாரோ அவருக்குப் புள்ளி. நம் பிள்ளைகள் கோலிக்குண்டில் ஆடியதற்குத் தூரத்துச் சொந்தம். களம் 12.5க்கு 6 மீட்டர். பூப்பந்துக் களம் 13.4க்கு 6.1. அதாவது பூப்பந்துக் கோடு போட்ட தமிழ்ப்பள்ளி மண்டபமும் தோட்ட மண்டபமும் ஏற்கெனவே போச்சியாக் களம்தான்.

கை கொஞ்சமும் அசையாதவரும் ஆடுகிறார். சரிவான ஒரு பலகைத் தடத்தை உதவியாளர் திருப்பி வைக்கிறார், ஆட்டக்காரர் தலையில் கட்டிய குச்சியால் பந்தை விடுகிறார். அங்கே ஒரு விதி. உதவியாளர் களத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. இடதா வலதா, எவ்வளவு உயரம், எல்லாம் ஆட்டக்காரர் முடிவு. 19ஆம் பிரிவைப் பக்கம் பக்கமாக விளக்குவதைவிட இந்த ஒரு விதியைக் காட்டினால் போதும்.

போட்டிப் பந்தின் எடை 275 கிராம். வாங்கினால் விலை கூடுதல். துணி உறையில் பச்சைப்பயறு நிரப்பித் தைத்தால் ஊர் ஆட்டத்துக்குப் போதும், மழையில் நனையாமல் பார்த்துக்கொண்டால்.

யாரிடம் கேட்பது

இந்தக் குழப்பத்தில் அதிகம் வீணாவது கடுதாசிதான். எல்லாவற்றையும் சமூகநல இலாகாவுக்கே எழுதுகிறோம். நிலம் யாருடையது என்று பார்த்து எழுத வேண்டும்:

1. தோட்ட வீடு, தோட்டச் சாலை, தோட்ட மண்டபம்: தோட்ட நிர்வாகத்துக்கு. தொழிலாளர் வீடமைப்பு, அடிப்படை வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446இன் கீழ் வருவன என்றால் நகலைத் தொழிலாளர் இலாகாவுக்கும் அனுப்பலாம்.
2. ஊர்ச் சாலை, திடல், பொதுக் கழிவறை: ஊராட்சி மன்றத்துக்கு. சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். மாற்றுத்திறனாளிக் கழிவறை துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாகப் பூட்டிக் கிடந்தால், படம் எடுத்துத் தேதியோடு அனுப்புங்கள்.
3. அடுக்குமாடியின் மின்தூக்கியும் படியும்: அதன் நிர்வாகக் குழுவுக்கு.
4. கோயில்: அது நம்முடையது, யாருக்கும் எழுத வேண்டாம். செருப்பைக் கழற்றும் இடத்தில் சக்கரத்தைத் துடைக்க ஓர் ஈரத்துணி, பக்க வாசலில் ஒரு சரிவு, அன்னதானக் கூடத்தில் இரண்டு உயரமான மேசை. நிர்வாகக் கூட்டத்தில் பத்து நிமிடப் பேச்சு.

மண்டபத்துக்கு மட்டும் கடிதத்துக்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். பல தோட்டங்களில் கடைசியாக அதைத் திறந்தது எந்தத் தேர்தலுக்கு என்று நினைவுபடுத்திச் சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார்.